சத்தம் நிற்கக் கூடாது

திங்கட்கிழமையிலிருந்து வர வேண்டாம். மூன்றே மூன்று வார்த்தை. மத்தியானச் சோற்றோடு சேர்த்து விழுங்கிவிடலாம் என்று பார்த்தாள், நடக்கவில்லை. தயிர்ச்சோறு இறங்கிவிட்டது, இது தொண்டையிலேயே நின்றுகொண்டது. சாயங்கால டீ வருகிறபோது சொல்லிவிடுவது என்று காலையில் ஸ்கூட்டரை எடுக்கும்போதே தெய்வானை முடிவு கட்டியிருந்தாள். டீ நேரம் என்றால் கையில் டம்ளர் இருக்கும், ஊதிக் குடிக்கிற சாக்கில் முகத்தைக் கவிழ்த்துக்கொள்ளலாம். யார் முகத்தை? தன் முகத்தைத்தான். பட்டறையில் வேலை பார்க்கிற ஜெசிந்தா குனிகிறவள் இல்லை. நேராகப் பார்ப்பாள், "சரிங்க்கா" என்பாள், முடிந்தது. அந்தச் "சரிங்க்கா"வை நினைத்தால்தான் பயமாக இருந்தது. அழுதாலாவது ஆறுதல் சொல்லலாம், திட்டினால் இன்னும் நல்லது, வாங்கிக் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடலாம். சரி என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துத் தோளில் மாட்டுகிறவளை என்ன செய்வது? முன்னால் "கொஞ்ச நாளைக்கு" என்று சேர்த்துக்கொண்டால்? கொஞ்ச நாளைக்கு வர வேண்டாம் ஜெசிந்தா, ஆர்டர் வந்ததும் நானே கூப்பிடறேன். நன்றாகத்தான் இருக்கிறது. இந்த வீதியில் எல்லா முதலாளிமார்களும் அதைத்தான் சொன்னார்கள். அப்படிச் சொல்லக் கேட்டவர்களில் ஒருத்தர் அபார்ட்மென்டில் வாட்ச்மேன், ஒருத்தி மசாலா கம்பெனியில் பாக்கிங். யாரையும் யாரும் திரும்பக் கூப்பிட்டதாகத் தெரியவில்லை. தெய்வானை சாப்பாட்டு டப்பாவை மூடினாள். மூடி ஒரு பக்கம் உட்கார்ந்தால் இன்னொரு பக்கம் எழுந்தது. எவர்சில்வர் டப்பாவுக்குக்கூட இன்றைக்கு அவளோடு ஒத்துப்போக மனசில்லை.

கோயமுத்தூர் கணபதியில் மெயின் ரோட்டை விட்டு உள்ளே திரும்புகிற ஒரு சந்தில் அவளுடைய பட்டறை. ஆஸ்பெஸ்டாஸ் கூரை, பெரிய பவர் பிரஸ் ஒன்று, சின்னது ஒன்று, மூலையில் பிளைவுட்டால் தடுத்த ஓர் ஆபீஸ், அதற்குள் இந்த நாற்காலி. தகட்டுப் பட்டையை உள்ளே கொடுத்துக் காலால் பெடலை மிதித்தால் பிரஸ் ஒரே குத்தில் வேண்டிய வடிவத்தை வெட்டித் தரும். பம்ப் கம்பெனிகளுக்கு அது ஆயிரக்கணக்கில் வேண்டும். பம்ப் விற்றால் வேண்டும். போன தீபாவளிக்குப் பிறகு பம்ப் விற்கவில்லை. ஏன் விற்கவில்லை என்று கேட்டால் தகட்டுக் கடைக்காரர் ஒரு காரணம் சொல்வார், டெம்போக்காரர் ஒன்று சொல்வார், பேக்கரியில் டீ குடிக்கிறவர்கள் உலகத்தையே இழுத்து வைத்துப் பேசுவார்கள். காரணம் தெரிந்து என்ன ஆகப்போகிறது. காய்ச்சல்காரிக்கு எந்த ஊர்க் கொசு கடித்தது என்றா கவலை? டக், டக், டக். அதோ பெரிய பிரஸ் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. வெளியே நின்று கேட்கிறவன் அடேயப்பா, இந்தம்மாவுக்கு மட்டும் வேலை கொட்டுகிறது என்று நினைப்பான். உள்ளே வந்து பார்த்தால் சிரிப்பான். அதில் தகடு இல்லை, ஆள் இல்லை. பெடலைக் கீழே இழுத்து ஒரு பழைய சைக்கிள் டியூபால் கட்டியிருக்கிறது. அது பாட்டுக்குக் காற்றைக் குத்திக்கொண்டிருக்கிறது.

பத்து நாளைக்கு முன்னால் முதல் தடவை இதைச் செய்தபோது தெய்வானைக்கு நாக்குக் கூசியது. "மிஷின் சும்மா கெடந்தா க்ளட்ச் இறுகிரும் மாரண்ணா, சித்தெ ஓடட்டும்" என்றாள். பட்டறை தொடங்கின நாளிலிருந்து அவளோடு இருக்கிற மாரண்ணன், அந்த மிஷினின் ஒவ்வொரு நட்டையும் கழற்றி மாட்டியவர், அவளை ஒரு பார்வை பார்த்தார். "ஆமாங், இறுகிருமுங்" என்று சொல்லிவிட்டு, வெளியே போய் அவரே டியூபைத் தேடி எடுத்து வந்து கட்டினார். கேள்வி இல்லை, சிரிப்பு இல்லை. அன்றைக்கே அவரை உட்காரவைத்து, அண்ணா, ஆர்டர் தீர்ந்து போச்சு, சத்தம் நின்னுதுன்னா வீதிக்குத் தெரிஞ்சுரும், தகட்டுக் கடைக்காரர் முன்பணம் கேட்பார், கம்பெனிக்காரன் இளக்காரமாகப் பேசுவான், அதனால்தான் இந்தக் கூத்து என்று சொல்லித் தொலைத்திருக்கலாம். சொல்லவில்லை. அவருக்குத் தெரியும், ஜெசிந்தாவுக்குத் தெரியும், தெரியும் என்பது இவளுக்கும் தெரியும். ஆனாலும் காலையில் வந்ததும் மாரண்ணன் டியூபைக் கட்டுவார், ஜெசிந்தா போன மாதத்து வாஷர்களை மறுபடியும் கொட்டிப் பொறுக்குவாள், இவள் போனைக் காதில் வைத்துக்கொண்டு இல்லாத ஆளோடு பேசுவாள். மூன்று பேரும் சேர்ந்து நாடகம் போடுகிறார்கள், பார்க்க வருகிறவன் ஒருத்தன் இல்லை. கரண்ட் பில் வந்தால் தெரியும் நாடகத்தின் லட்சணம்.

யாருக்காக? மற்றவர்கள் எல்லாம் கிடக்கட்டும், மனசைத் தொட்டுச் சொல்வதென்றால் பக்கத்துப் பட்டறை மயில்சாமிக்காக. ஒற்றைச் செங்கல் சுவர்தான் நடுவில். அந்தப் பக்கம் அவர் தும்மினால் இந்தப் பக்கம் காலண்டர் ஆடும். அவரிடமும் இதே மாதிரிப் பெரிய பிரஸ். அவருக்கும் இதே பம்ப் கம்பெனிதான் பெரிய வாடிக்கை. சண்டை என்று ஒன்று நடந்ததே இல்லை, அதுதான் வேடிக்கை. ஒரு வருஷம் அவர் ரேட்டைக் குறைத்துச் சொல்லி இவளுடைய வாஷர் வேலையைக் கொண்டு போனார். மறு வருஷம் இவள் குறைத்துச் சொல்லி அவருடைய பிராக்கெட் வேலையைக் கொண்டு வந்தாள். அதற்கப்புறம் வீதியில் எதிரே பார்த்தால் அவர் வேட்டியைச் சரிசெய்துகொள்வார், இவள் ஹெல்மெட்டைச் சரிசெய்துகொள்வாள். ஆயுத பூஜைக்குப் பொரி கடலைப் பொட்டலம் மாற்றிக்கொள்கிறது மட்டும் நிற்கவில்லை, ஆனால் ஆள் மூலமாக. டக், டக், டக். அந்தப் பக்கமும் கேட்கிறது. இந்தப் பத்து நாளும் கேட்கிறது. காலையில் இவள் ஷட்டரைத் தூக்கும்போதே அவருடைய பிரஸ் ஓடிக்கொண்டிருக்கும், இவள் பூட்டிக்கொண்டு போகும்போதும் ஓடிக்கொண்டிருக்கும். ஊரே படுத்துக் கிடக்கிறது, இந்த மனுஷனுக்கு மட்டும் எங்கிருந்து வருகிறது? கேட்டைப் பாதி சாத்தியே வைத்திருக்கிறார். புது ஆர்டர் என்னவென்று யாரும் பார்த்துவிடக் கூடாதாம், கெட்டிக்காரர். பழைய இரும்பு எடுக்கிற வண்டி அவர் வாசலில் நிற்காமலே போகிறது. வெட்டின மிச்சத்துக்குக்கூடப் பெரிய ஆளாகப் பிடித்துவிட்டார் போலிருக்கிறது. தெய்வானைக்கு வயிறு எரிந்தது. எரிகிறது என்று தெரிந்தும் எரிந்தது, அதைத் தடுக்கிற மருந்து எந்தக் கடையில் விற்கிறது?

அந்தக் கம்பெனிப் பையன் வேறு. பர்ச்சேஸில் இருக்கிறவன், நல்ல குரல், மேடம் மேடம் என்று தேனாகப் பேசுவான். ஒரே ஒரு வேலை வைத்திருக்கிறான், புது மாடல் பம்புக்கு அடித்தட்டு. வருஷம் முழுக்க ஓடக்கூடியது. "மேடம், உங்க பக்கத்துலயே உங்களைவிடக் கம்மியா சொல்றாங்களே" என்றான் முதல் தடவை. குறைத்தாள். "மேடம், அவங்க இன்னும் இறங்கி வந்துட்டாங்க" என்றான். மறுபடி குறைத்தாள். இன்று ராத்திரிக்குள் கடைசி ரேட் அனுப்ப வேண்டும். நேற்றுச் சப்பாத்தி தேய்க்கும்போதெல்லாம் மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். கிடைக்காவிட்டால் இரண்டு பேரையும் நிறுத்த வேண்டும், இந்த ரேட்டுக்குக் கிடைத்தால் ஒருத்தரை நிறுத்த வேண்டும். எப்படிச் சுற்றி வந்தாலும் ஜெசிந்தா வாசலுக்கு வெளியேதான் நின்றாள். தகட்டை வெட்டுகிற அச்சுதான் டை, அதைக் கோப்பதற்கு மாரண்ணன் இல்லாமல் முடியாது. பெடலை மிதிக்கிற வேலையை இவளே செய்துவிடலாம். செய்யாத வேலையா? பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் வகுப்பில் ஒரே பெண்ணாக உட்கார்ந்து, லேத் ஷாப்பில் பையன்கள் சிரிக்கச் சிரிக்க நீலக் கோட்டை மாட்டிக்கொண்டு நின்றவள்தானே. ஆனால் ஜெசிந்தாவின் கை வராது. ஒவ்வொரு தகட்டுக்கும் அவள் ஒரு சின்னத் தலையசைப்பு வைத்திருக்கிறாள், ம், ம், ம் என்று, ஏதோ குழந்தைக்குச் சோறு ஊட்டுகிறவள் மாதிரி. எட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு மழை நாளில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் நின்று, வேலை இருக்குங்களாக்கா என்று கேட்டவள். இருந்தது அப்போது. கேட்ட மாத்திரத்தில் உள்ளே வா என்று சொல்ல முடிந்தது. அந்த ஒரு வார்த்தையைச் சொல்வதற்காகத்தானே மனுஷர்கள் கம்பெனி வைப்பது. போர்டு மாட்டிக்கொள்ளவா, விசிட்டிங் கார்டு அடித்துக்கொள்ளவா?

"வித்துப்போடலாம் தெய்வானை" என்கிறான் தனபால். அவள் வீட்டுக்காரன், பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டர், சாது. பட்டறைக்கு வந்தால் காதில் பஞ்சு வைத்துக்கொண்டுதான் வருவான். அவள் பேசுகிறதற்கெல்லாம் தலையாட்டுவான், ஒன்றும் கேட்டிருக்காது. கெட்ட எண்ணத்தில் சொல்கிறவன் இல்லை. ராத்திரி அவள் புரளுவதைப் பார்த்து அவனுக்கும் தூக்கம் கெடுகிறது. விற்கலாம். யார் வாங்குவார்கள் இப்போது? எடைக்குத்தான் கேட்பார்கள். எடைக்கு! முதல் பிரஸ் வந்து இறங்கின அன்றைக்குக் கிரேன்காரன் சந்துக்குள் திரும்ப முடியாமல், மூன்று பட்டறை ஆட்கள் உருளைக் கட்டை வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். முன்னால் நின்று இடது, வலது என்று கத்தினது யார்? மயில்சாமிதான். கத்தி முடித்துவிட்டு, "பொம்பளைப்புள்ளைக்கு எதுக்கு அம்மிணி இந்தப் பொழப்பு" என்று ஒரு குத்தல் வேறு. அடுத்த மூன்றாம் மாசம் அந்தப் பேச்சுக்கு அவரே பதில் பார்த்தார். ஒரு மத்தியானம் அவருடைய பிரஸ் நடு ஓட்டத்தில் சட்டென்று நின்றது. இந்த வீதியில் யாரும் சொல்லிக்கொடுக்காமலே எல்லாருக்கும் தெரிந்த ஒரு விஷயம் அது. சாப்பாட்டுக்கு நிறுத்துகிற பிரஸ் வேறு மாதிரி நிற்கும். கரண்ட் போனால் வீதியே சேர்ந்து நிற்கும். ஒன்று மட்டும் பாதியில் நின்றால் உள்ளே யாருடைய விரலோ போயிருக்கிறது என்று அர்த்தம். அப்படி நின்றால் பக்கத்துப் பட்டறைக்காரன் போட்டது போட்டபடி ஓடி வந்தாக வேண்டும். பேசுகிறவன் பேசாதவன் என்ற கணக்கெல்லாம் அப்போது கிடையாது. தெய்வானை ஓடினாள். மயில்சாமியின் இடது கையில் இரண்டு விரல் பாதிதான் இருந்தது. தன் துப்பட்டாவைச் சுற்றி, தன் மொபெட்டில் பின்னால் உட்காரவைத்து, சிக்னலில்கூட நிற்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓட்டினாள். அவ்வளவு வலியிலும் அந்த மனுஷன், "பொம்பளை வண்டியில பின்னால உக்காந்து போறேன், சொந்தக்காரன், ஒறம்பரைக்காரன் எவனாச்சும் பாத்தா மானம் போகும், சீக்கிரம் ஓட்டு அம்மிணி" என்றார். நினைத்தால் இன்னும் சிரிப்பு வரும். இப்போதும் வந்தது. தனியாகச் சிரித்துக்கொண்டிருக்கிறவளைப் பிளைவுட் தடுப்பின் இடுக்கு வழியாக ஜெசிந்தா பார்த்துவிட்டாள், பார்த்துவிட்டுத் தானும் காரணம் தெரியாமல் கொஞ்சம் சிரித்தாள். தெய்வானை சட்டென்று போனை எடுத்துக் காதில் வைத்தாள். பாவி, இந்தச் சிரிப்பை வைத்துக்கொண்டு டீ வருகிறபோது எப்படிச் சொல்லுவேன்.

பட் என்று ஒரு சத்தம். டியூப் அறுந்துவிட்டது. பெடல் மேலே துள்ளிக்கொண்டு வந்தது, குத்துகிற சத்தம் அப்படியே நின்றது. மோட்டார் மட்டும் ம்ம்ம்ம் என்று உறுமிக்கொண்டிருந்தது. தெய்வானை நாற்காலியைப் பின்னால் தள்ளினாள். நின்றுவிட்டது, சத்தம் நின்றுவிட்டது, இந்நேரம் வீதிக்குக் கேட்டிருக்கும், எழுந்திரு, கட்டு, சீக்கிரம். மாரண்ணன் வேறு டியூப் தேடி ட்ரம்முக்குப் பின்னால் குனிந்தார். கயிறு இருந்தால்கூடப் போதும். சேலைக் கரையைக் கிழித்தாவது. எழுந்தவள் பாதியில் நின்றாள். பத்து நாளாக இரண்டு சத்தமும் ஒன்றாகக் கலந்து கேட்டுக் கேட்டுக் காது மரத்துப் போயிருந்தது. இப்போது இந்தப் பக்கம் ஓய்ந்துபோனதால் அந்தப் பக்கத்தது மட்டும் தனியாகக் கேட்டது. டக், டக், டக், டக். எவ்வளவு ஒழுங்காக ஓடுகிறது பார், அவள் பொறாமைப்படத் தயாரானாள், ஒரு மூச்சு விடக்கூட நிற்காமல். நிற்காமல். அந்த வார்த்தையில் மனசு மாட்டிக்கொண்டது. முள்ளில் மாட்டின சேலையாக முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. நிற்காமல் எப்படி ஓட்டுவது? ஒரு பட்டை தீர்ந்தால் அடுத்த பட்டையைக் குனிந்து எடுக்க வேண்டும், அங்கே ஒரு நிறுத்தம். பெட்டி நிறைந்தால் மாற்ற வேண்டும், எண்ணெய் தடவ வேண்டும், முகத்தைத் துடைக்க வேண்டும், பக்கத்தில் இருக்கிறவனோடு ஒரு வார்த்தை பேச வேண்டும். ஜெசிந்தா ஓட்டும்போது டங், டங், பிறகு ஒரு சின்ன இடைவெளி, மறுபடி டங். ஆள் ஓட்டுகிற பிரஸ் மூச்சு வாங்கும். அதுவும் டங் என்றல்லவா கேட்க வேண்டும்? இரும்புத் தகடு வெட்டுப்படுகிறபோது தரை கொஞ்சம் அதிருமே, காலண்டர் ஆடுமே. தெய்வானை சுவரைப் பார்த்தாள். காலண்டர் அசையவே இல்லை. டக், டக், டக். பத்து நாளாக எதைப் பார்த்து வயிறெரிந்தாளோ அதுதான் இப்போது அவள் முன்னால் வந்து கையை விரித்தது. கேட்டு ஏன் பாதி சாத்தியிருக்கிறது? பழைய இரும்பு வண்டி ஏன் நிற்கவில்லை? அள்ளிக்கொண்டு போக ஏதாவது இருந்தால்தானே நிற்பதற்கு. சே, அப்படியெல்லாம் இருக்காது. அவர் பழைய ஆள், அனுபவஸ்தர், அவரா இந்தக் கூத்தெல்லாம்? நீ செய்யவில்லையா? நான் வேறு வழியில்லாமல். அவருக்கு மட்டும் வழி எங்கே இருக்கிறது?

"இந்தாங்க, கயிறு இருக்குது" என்று மாரண்ணன் எழுந்தார். "விடுங்கண்ணா" என்றாள் தெய்வானை. சொன்னது தன் குரல்தானா என்று அவளுக்கே சந்தேகம். "கட்ட வேண்டாமுங்களா?" "சித்தெ இருங்க. கேக்கட்டும்." அவர் கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். ஜெசிந்தா வாஷரைப் பொறுக்குவதை நிறுத்திவிட்டாள். மூன்று பேரும் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். பயம் இருந்தது, இல்லாமல் இல்லை. ஆனால் அதற்கு அடியில் வேறு ஏதோ ஒன்றும் இருந்தது, காலையிலிருந்து இல்லாதது. பல் வலி திடீரென்று விட்டுப்போனால் நாக்கால் தொட்டுத் தொட்டுப் பார்ப்போமே, அப்படித் தொட்டுப் பார்த்தாள். கனம் குறைந்த மாதிரி இருந்தது. தான் ஒருத்திதான் தோற்றுக்கொண்டிருக்கிறோம் என்று இத்தனை நாள் நினைத்திருந்தாள். அது பொய்யாக இருந்தால்?

கேட்டை யாரோ தடால் என்று தள்ளினார்கள். மயில்சாமி. செருப்பில்லாமல், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, விரல் குறைந்த கையில் ஒரு துண்டும் மற்றக் கையில் ஆம்னி வேன் சாவியுமாக மூச்சிரைக்க உள்ளே வந்து நின்றார். "ஆருக்கு அம்மிணி? எந்தக் கை? உட்ராதீங்க, துண்டுல இறுக்கிச் சுத்துங்க, வண்டிய வாசல்லயே கொண்டாந்து நிறுத்தீருக்கறேன்" என்றார் ஒரே மூச்சில். அப்போதுதான் தெய்வானைக்கு உறைத்தது. நடு ஓட்டத்தில் சத்தம் நின்றிருக்கிறது. அவருக்கு வேறென்ன தோன்றும்? ஜெசிந்தா தன் இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினாள், பள்ளிக்கூடத்தில் நகம் வெட்டியிருக்கிறோமா என்று காட்டுகிற மாதிரி. மாரண்ணனும் கயிற்றோடு காட்டினார். மயில்சாமி ஒவ்வொரு விரலாகப் பார்த்தார். பார்த்துவிட்டு, சுவரில் சாய்ந்துகொண்டு, கொண்டு வந்த துண்டால் தன் நெற்றியையே துடைத்துக்கொண்டார். பேச்சு நின்று இத்தனை வருஷம் ஆகியும் இந்த மனுஷன் செருப்புப் போடக்கூட நிற்கவில்லை என்று நினைத்தபோது தெய்வானைக்குக் கண் கலங்கிவிட்டது. பொய் சொல்ல இதுதான் நல்ல சமயம். கிளட்ச் கோளாறுங்கண்ணா என்றால் போதும், போய்விடுவார்.

"கையெல்லாம் நல்லாத்தான் இருக்குதுங்கண்ணா" என்றாள். "வேலைதான் இல்லை. பத்து நாளா சும்மாதான் ஓடுது."

அவர் பெரிய பிரஸ்ஸைப் பார்த்தார். வெறும் மேடையைப் பார்த்தார், கீழே அறுந்து கிடந்த சைக்கிள் டியூபைப் பார்த்தார். சுவருக்கு அந்தப் பக்கம் டக், டக், டக் என்று அவருடைய பிரஸ் ஓடிக்கொண்டிருந்தது. நான்கு பேருக்கும் கேட்டது.

"நீங்க இங்க இருக்கறீங்க" என்றாள் தெய்வானை மெதுவாக. "அங்க ஆருங்ண்ணா ஓட்டறாங்க? பசங்களா?"

"பசங்க ரண்டு பேரையும் போன மாசமே ஊருக்கு அனுப்பிட்டேன்." மயில்சாமி சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். செருக ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டார். "கயிறு ஓட்டுது அம்மிணி."

"இங்க டியூப் ஓட்டுச்சுங்."

முதலில் சிரித்தது மாரண்ணன்தான். க்ளட்ச் இறுகிருமுங் என்று அன்றைக்குச் சிரிக்காமல் சொன்ன மனுஷன், பத்து நாள் சிரிப்பையும் சேர்த்துச் சிரித்தார். ஜெசிந்தா வாயைப் பொத்திக்கொண்டாள். மயில்சாமி, "உன்ற பிரஸ்ஸு நிக்கறதுக்கு முன்னால நான் நிறுத்தக் கூடாதுன்னு கெடந்தேன் அம்மிணி. நேத்து எனக்குக் காய்ச்சல். காய்ச்சலோட வந்து கயித்தக் கட்டிட்டுப் போய்ப் படுத்தேன்" என்றார். தெய்வானைக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது, எதை முன்னால் விடுவது என்று தெரியாமல் இரண்டையும் சேர்த்தே விட்டாள்.

அப்புறம் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்து அடித்தட்டு வேலையைப் பேசினார்கள். அந்தக் கம்பெனிப் பையன் அவரிடமும், பக்கத்திலேயே உங்களைவிடக் கம்மியா சொல்றாங்க சார் என்று அதே தேன் குரலில் சொல்லியிருக்கிறான். அவர் குறைத்ததை இவளிடமும் இவள் குறைத்ததை அவரிடமும் கொண்டு போய்க் கொண்டு போய், கடைசியில் இரண்டு பேரும் தங்கள் கைக்காசைப் போட்டு அவனுக்குத் தட்டு செய்து கொடுக்கிற இடத்துக்கு வந்து நின்றிருக்கிறார்கள். மயில்சாமி கோபப்படுவார் என்று பார்த்தாள், அவர் வெட்கப்பட்டார். "நம்ம ரண்டு பேர் பிரஸ்ஸை விட்டா அவனுக்கு வேற ஆருகிட்ட இருக்குது இந்த அளவு? சேந்தே ஒரு ரேட்டு எழுது. என்ற பெரிய பிரஸ்ல வெட்டிக் குடுக்கறேன், உன்ற சின்னதுல ஓட்டை போட்டு மடக்கிரு. கூலி கட்டற ரேட்டா எழுது அம்மிணி, தானம் பண்ற ரேட்டு வேண்டாம்." அவன் ஒத்துக்கொள்ளாவிட்டால்? அந்தக் கேள்வி அவளுக்குள் எழுந்தது, வழக்கம்போல ஒரு சுற்றுச் சுற்றியது. ஒத்துக்கொள்ளாவிட்டால் இரண்டு பேரும் சேர்ந்து வேறு கதவைத் தட்ட வேண்டும். தனியாகத் தட்டுவதற்கும் இதற்கும் வித்தியாசம் இருக்கிறது. நேற்றுவரை சப்பாத்திக் கட்டையோடு சேர்த்து உருட்டிய கணக்கில் ஜெசிந்தாவுக்கு இடமே இல்லை. இந்தக் கணக்கில் ஓட்டை போடவும் மடக்கவும் ஆள் வேண்டும், அவசியமாக வேண்டும். மாரண்ணன் அந்தப் பக்கம் போய் டை கோத்துக் கொடுத்தால் இங்கே சின்னப் பிரஸ்ஸில் உட்காருவது யார்? தெய்வானை போனை எடுத்தாள். எழுதின ரேட்டை ஒரு தரம் மயில்சாமிக்கு வாசித்துக் காட்டினாள். அவர் தலையாட்டினார். அனுப்பிவிட்டாள்.

பேக்கரிக்குப் போன ஜெசிந்தா தூக்குப்போசி நிறைய டீயோடு திரும்பி வந்தாள். யாரும் சொல்லாமலே நான்கு பேருக்கு வாங்கி வந்திருந்தாள். மயில்சாமிக்கு முதலில் ஊற்றினாள், அவர் விரல் குறைந்த கையால் டம்ளரை விளிம்போரம் பிடித்து வாங்கி ஊதினார். அந்தப் பக்கம் கயிறு இன்னும் ஓட்டிக்கொண்டுதான் இருந்தது. போய் நிறுத்த வேண்டும் என்று அவர் இரண்டு தடவை சொன்னார், எழவில்லை. தெய்வானை கையில் டம்ளரை வாங்கிக்கொண்டாள். டீ நேரம் வந்துவிட்டது. காலையிலிருந்து தொண்டையில் வைத்திருந்த அந்த வார்த்தைகளில் முதல் வார்த்தையை மட்டும் எடுத்துக்கொண்டாள். முகத்தைக் கவிழ்த்துக்கொள்ளவில்லை.

"திங்கக்கெழமை கொஞ்சம் நேரமே வந்துரு ஜெசிந்தா. சின்னப் பிரஸ்ஸைத் துடைச்சு வெக்கோணும்."

ஜெசிந்தா நேராகப் பார்த்தாள். அவளுக்கு என்ன தெரிந்திருந்தது, எத்தனை நாளாகத் தெரிந்திருந்தது என்று தெய்வானை கேட்கவில்லை.

"சரிங்க்கா" என்றாள் அவள், தூக்குப்போசியில் மிச்சமிருந்ததை மாரண்ணன் டம்ளரில் சாய்த்துக்கொண்டே.